சகப்பிணைப்பு பலவீனமானதா? அப்படியானால் வைரம்?

கேள்வி இதுதான்: "அயனிச் சேர்மங்களுக்கு உருகுநிலை அதிகம், சகப்பிணைப்புச் சேர்மங்களுக்குக் குறைவு, ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது என்று படித்திருக்கிறேன். வைரமும் சகப்பிணைப்புதானே, அது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? பண்புகளை மனப்பாடம் செய்யாமல் பிணைப்பை வைத்தே ஊகிக்க வழி உண்டா?"

வழி உண்டு. (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சேர்வது சகப்பிணைப்பு. ஒன்று கொடுத்து மற்றொன்று வாங்கி, நேர், எதிர் மின்சுமையால் ஈர்த்துக்கொள்வது அயனிப் பிணைப்பு.) அதற்கு முன் உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த 'ஆகவே'யைப் பிடுங்கி எறிய வேண்டும். முதல் இரண்டு கூற்றுகளும் பெரும்பாலும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து வரவே வராது. பல வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிணைப்புப் பாடத்தில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகிறது.

மீத்தேனை எடுத்துக்கொள்வோம். −161.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பார்த்தால் படு நோஞ்சான். ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு நிலையான எண்ணிக்கை) திரவ மீத்தேனை ஆவியாக்க ஏறத்தாழ 8 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் உள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் நான்கையும் அறுத்துத் தனித்தனி அணுக்களாக்க வேண்டுமானால் சுமார் 1660 கிலோஜூல் செலவாகும். இருநூறு மடங்கு! கொதிக்கும்போது மீத்தேனின் ஒரு பிணைப்புகூட அறுவதில்லை. மூலக்கூறு முழுசாக, சேதாரம் இல்லாமல், பக்கத்து மூலக்கூறை விட்டு விலகிப் போகிறது, அவ்வளவுதான். கொதிநிலை காட்டுவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பை. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் சகப்பிணைப்பைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

வைரத்தில் அந்த 'இடையே' என்ற இடமே கிடையாது. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு கார்பன் அணுக்களோடு, 154 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்) தூரத்தில், நான்முகி வடிவில் பிணைந்திருக்கிறது. அந்த நான்கும் அப்படியே அடுத்த நான்கோடு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மொத்தப் படிகமும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். அதைக் கீற வேண்டுமானால் கார்பன்–கார்பன் பிணைப்புகளையே அறுத்தாக வேண்டும். இளகிக்கொடுக்க வேறு பலவீனமான இடம் இல்லை. மீத்தேனையும் வைரத்தையும் கட்டியிருப்பது ஒரே வகைப் பிணைப்பு. ஒன்றில் அதைத் தொடாமலே வேலை முடிகிறது, மற்றொன்றில் அதைத் தொடாமல் எதுவும் நடக்காது.

அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: இந்த மாற்றம் நடக்கும்போது எது எதிலிருந்து பிரிகிறது? உருகுவது, உடைவது, கரைவது, எரிவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'இது என்ன வகைப் பிணைப்பு' என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தனித்தனியாகக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கிராஃபைட்டைவிட நல்ல சாட்சி இல்லை. அதுவும் வெறும் கார்பன்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்து, தேன்கூடு போன்ற தட்டையான விரிப்பாகப் பரவியிருக்கிறது. விரிப்புக்குள் பிணைப்பின் நீளம் 142 பிக்கோமீட்டர். வைரத்தில் இருப்பதைவிடக் குட்டை, வலுவும் அதிகம். ஆமாம், கிராஃபைட்டில் உள்ள பிணைப்பு வைரத்தில் உள்ளதைவிட வலுவானது. விரிப்புக்கும் விரிப்புக்கும் இடையே மட்டும் 335 பிக்கோமீட்டர் இடைவெளி, அங்கே வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு எனப்படும், பிணைப்பு இல்லாத பலவீனமான இழுப்புதான். பென்சிலால் எழுதும்போது பிரிவது இந்த விரிப்புகள். அதனால் கிராஃபைட் நகத்தாலேயே கீறும் அளவுக்கு மென்மை. ஆனால் அதைச் சூடேற்றிப் பாருங்கள், 3600 டிகிரி தாண்டும் வரை திடமாகவே நிற்கும். ஏனென்றால் ஆவியாக வேண்டுமானால் விரிப்புக்குள் இருக்கும் பிணைப்புகள் அறுபட வேண்டும். மென்மை ஒரு பிணைப்பின் கதை, உருகுநிலை வேறொரு பிணைப்பின் கதை, இரண்டும் ஒரே பென்சில் முனையில்.

மின்சாரத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். கார்பனுக்கு நான்கு இணைதிறன் எலக்ட்ரான்கள், அதாவது பிணைப்பில் பங்கெடுக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். கிராஃபைட்டில் மூன்று பிணைப்புக்குப் போய்விட, மீதமுள்ள ஒன்று விரிப்பு முழுவதும் உலவுகிறது. ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சிறிய எல்இடி, அதற்குப் பொருத்தமான மின்தடை, இரண்டு முனையும் சீவிய பென்சில் ஒன்று, இவற்றை வரிசையாக இணைத்தால் விளக்கு எரியும். முதல்முறை செய்பவர்கள் மரம் வழியாக மின்சாரம் போகிறது என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வார்கள். வைரத்தில் நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் மாட்டிக்கொண்டுவிட்டதால் மின்சாரம் செல்லாது. ஆனால் அதே இறுக்கமான கட்டமைப்பு அதிர்வுகளைப் பிரமாதமாகக் கடத்தும். வைரத்தின் வெப்பக் கடத்துதிறன் தாமிரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஒரு சின்ன விலகல். விரிப்புகள் தாமாகவே வழுக்குவதால் கிராஃபைட் மசகாகப் பயன்படுகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. வெற்றிடத்தில் கிராஃபைட் அவ்வளவாக வழுக்காது, காற்றில் உள்ள நீராவி போன்றவை ஒட்டியிருந்தால்தான் வழுக்கும். மிக உயரத்தில் பறந்த விமானங்களில், ஜெனரேட்டரில் சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் சட்டென்று தேய்ந்து போனபோதுதான் இது உறைத்தது. விண்வெளிக் கருவிகளுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற வேறொரு மசகைப் போடுவது அதனால்தான்.

சரி, பிணைப்பு என்றால் என்ன? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்குகின்றன. இரண்டு எலக்ட்ரான்களும் இரு அணுக்கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் அதிகம் புழங்கும்போது இரண்டு கருக்களையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமன்படும் இடம் 74 பிக்கோமீட்டர். அங்கே போய்ச் சேரும்போது ஒரு மோலுக்கு 436 கிலோஜூல் வெளியேறுகிறது. திரும்பப் பிரிக்க அதே 436ஐக் கட்டித் தீர வேண்டும்.

இதில் கவனியுங்கள்: பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளியேறும், அறுக்கும்போது ஆற்றல் செலவாகும். எந்தப் பிணைப்புக்கும் விதிவிலக்கு இல்லை. 'பிணைப்புக்குள் ஆற்றல் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும்' என்பது உயிரியல் புத்தகங்களிலிருந்து பரவிய மூடநம்பிக்கை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும் விஷயம். நைட்ரோகிளிசரின் வெடிப்பது பிணைப்புகள் உடைவதால் இல்லை. உடைந்த பலவீனமான பிணைப்புகளுக்குப் பதிலாக நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பும் கார்பன் டை ஆக்சைடின் இரட்டைப் பிணைப்புகளும் உருவாவதால் வெடிக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறை அறுக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். அது உருவாகும்போது அவ்வளவும் கிடைக்கும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் அது எதோடும் சேராமல் சும்மா திரிவதற்கும், அதை அம்மோனியாவாக்க ஹேபர்–பாஷ் முறையில் இரும்பு வினையூக்கியும் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுவதற்கும் காரணம் அதே 945தான். நேர் எதிர்முனையில் ஃபுளோரின்: அதன் பிணைப்பு வெறும் 158 கிலோஜூல். இரண்டு சிறிய அணுக்களும் நெருங்கி நிற்பதால் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சுலபமாக அறுந்து, கையில் கிடைத்ததோடெல்லாம் பாயும்.

இனி வகைகள். எலக்ட்ரான் இணையைப் பகிர்வதே பிணைப்பு என்று கில்பர்ட் லூயிஸ் எழுதியது 1916இல். எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதால் வரும் அயனிப் பிணைப்பை வால்டர் கோசெல் விளக்கியதும் அதே ஆண்டுதான். 1932இல் லினஸ் பாலிங் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு (பிணைப்பில் ஓர் அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு) அளவுகோல் போட்ட பிறகு, இவை இரண்டும் இரண்டு பெட்டிகள் என்பதைவிட ஒரே கோட்டின் இரண்டு முனைகள் என்பது தெளிவாயிற்று. இரு அணுக்களும் சமமாக இழுத்தால் சகப்பிணைப்பு, ஒன்று அதிகமாக இழுத்தால் முனைவுள்ள சகப்பிணைப்பு, ஒரேயடியாகப் பறித்துக்கொண்டால் அயனி. நடுவில் எங்கும் வேலி கிடையாது. 'உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம்' என்ற விதியை நம்பி அலுமினியம் குளோரைடிடம் போனால் மூக்குடைபடும். அலுமினியம் ஃபுளோரைடு 1200 டிகிரியைத் தாண்டினாலும் திடமாக நிற்கும், அலுமினியம் குளோரைடு 180 டிகிரி வாக்கிலேயே நேராக ஆவியாகிவிடும். ஆவியில் இருப்பது இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட தெளிவான மூலக்கூறு.

உப்பில், அதாவது சோடியம் குளோரைடில், நிலைமை வேறு. வில்லியம் லாரன்ஸ் பிராக் 1913இல் எக்ஸ் கதிரை வைத்து அதன் உள்ளமைப்பைக் கண்டபோது உள்ளே சோடியம் குளோரைடு 'மூலக்கூறு' என்று ஒன்று தட்டுப்படவே இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், முப்பரிமாணச் சதுரங்கப் பலகை போல. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த பிரிட்டிஷ் வேதியியலாளருக்கு இது பொறுக்கவில்லை. 1927இல் 'நேச்சர்' இதழில், பாவப்பட்ட உப்பை இப்படிச் சதுரங்கப் பலகை ஆக்குவது பொது அறிவுக்கே ஒவ்வாதது என்று பொரிந்து தள்ளினார். அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், ஆனால் இன்றும் வகுப்பில் 'ஒரு சோடியம் ஒரு குளோரினைக் கட்டிக்கொண்டிருக்கிறது' என்று படம் வரைகிறவர்கள் அவர் கட்சிதான். ஒரு சோடியம் அயனிக்கு 'தன்னுடைய' குளோரைடு என்று ஒன்று கிடையாது. இழுப்பு எல்லாத் திசையிலும்.

இந்த அமைப்பிலிருந்து உப்பின் குணங்கள் வரிசையாக வந்து விழும். உருகும்போது பிரிய வேண்டியது நேர், எதிர் அயனிகள். அதனால் 801 டிகிரி. திடநிலையில் அயனிகள் நகர முடியாது, மின்சாரம் செல்லாது. உருகினாலோ கரைந்தாலோ நகரும், செல்லும். நொறுங்கும் தன்மையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லுப்பில் பெரிய படிகம் ஒன்றைப் பொறுக்கி, அதன் பக்கத்துக்கு இணையாக ஒரு பழைய பிளேடை வைத்து லேசாகத் தட்டுங்கள். நசுங்காது. 'டக்' என்று பிளந்து, கண்ணாடி போல் பளபளக்கும் தட்டையான முகம் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிதறிய துணுக்குகளிலும் செங்கோண மூலைகள் இருக்கும். தட்டியபோது ஓர் அடுக்கு அரைப்படி நகர்ந்தது, நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்தது, இரண்டும் தள்ளிக்கொண்டன, பிளந்தது.

மெக்னீசியம் ஆக்சைடின் அமைப்பும் இதே சதுரங்கப் பலகைதான். ஆனால் அயனிகளின் மின்சுமை ஒன்றுக்குப் பதில் இரண்டு, தூரமும் குறைவு. படிகத்தைத் தனி அயனிகளாகப் பிரிக்கும் ஆற்றல் உப்புக்கு மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல் என்றால் இதற்கு 3800 வாக்கில். உருகுநிலை 2800 டிகிரியைத் தாண்டுகிறது. உலைகளின் உட்சுவருக்கு இதில் செங்கல் செய்கிறார்கள்.

அப்படியானால் 787 கிலோஜூல் கட்டு உள்ள உப்பு, அடுப்பே இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் எப்படிக் கரைகிறது? இங்கே பிரிவதை மட்டும் பார்த்தால் போதாது, புதிதாக எது சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்சுமை. ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொள்ளும்போது வெளியாகும் ஆற்றல் அந்த 787ஐக் கிட்டத்தட்ட முழுவதும் ஈடுகட்டிவிடுகிறது. துண்டு விழுவது 4 கிலோஜூல் அளவுதான். அதையும் தண்ணீரிடமே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் நிறைய உப்பைக் கரைத்தால் தண்ணீர் ஒரு துளி குளிர்கிறது. குறையும் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது, அயனிகள் தண்ணீரெங்கும் சிதறுவதால் கிடைக்கும் ஒழுங்கின்மை.

உலோகங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து, நேர் அயனிகள் அவற்றில் மிதக்கின்றன. அடுக்கு நகர்ந்தாலும் எதிர் எதிரே வந்து தள்ளிக்கொள்ள ஆள் இல்லை, எலக்ட்ரான்கள் கூடவே நகர்ந்து ஒட்டிவிடும். அதனால் உப்பு நொறுங்கும் இடத்தில் தாமிரம் தகடாகும், கம்பியாக நீளும். பொதுச்சொத்துக்கு எத்தனை எலக்ட்ரான் வருகிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கிறது என்பதைப் பொறுத்துச் சோடியம் 98 டிகிரியிலும் டங்ஸ்டன் 3422 டிகிரியிலும் உருகும். பாதரசம் −39 டிகிரியிலேயே உருகுவதுதான் விசித்திரம். கனமான கருவின் அருகே எலக்ட்ரானின் வேகம் மிக அதிகம், ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவு வேகத்தில் தலைகாட்டும் சார்பியல் விளைவால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் கருவோடு ஒடுங்கிவிடுகின்றன, பொதுவில் கொடுக்கத் தயங்குகின்றன. அந்த விளைவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் பாதரசம் சாதாரண வெப்பநிலையில் திடமாகவே இருந்திருக்கும் என்று 2013இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது.

பிணைப்பால் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்ற நினைப்பையும் உலோகங்களே உடைக்கும். பிணைப்பின் வலுவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தூய உலோகம் இருப்பதைவிடப் பல மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. படிக ஒழுங்கில் இருக்கும் பிசகு ஒன்று, கம்பளத்தில் விழுந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போவது போல, வரிசை வரிசையாக நகர்கிறது. டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக இதைச் சொன்ன ஆண்டு 1934. இரும்பில் கொஞ்சம் கார்பன் சேர்த்தால் எஃகு உறுதியாவதற்கு, அந்த மடிப்பு ஓடும் பாதையில் தடைகள் முளைப்பது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் ஈர்ப்புகள். பாடத்தில் இவை பின்னிணைப்பு மாதிரி வரும், ஆனால் நாம் தொட்டுப் புழங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றின் குணம் இங்கேதான் தீர்மானமாகிறது. எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே அணுக்கள்: இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஈதர் −24 டிகிரியில். எத்தனாலில் ஆக்சிஜனோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் ஒன்று இருக்கிறது, ஆக்சிஜன் இழுத்த இழுப்பில் அது ஏறக்குறைய அம்மணமான நேர்மின்சுமை. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஈதரில் எல்லா ஹைட்ரஜனும் கார்பனோடு, பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. நூறு டிகிரி வித்தியாசம் ஓர் அணுவின் இடமாற்றத்தால்.

தண்ணீர் இந்த வித்தையின் உச்சம். அதே குடும்பத்தில் ஹைட்ரஜன் டெலூரைடு −2, செலினைடு −41, சல்ஃபைடு −60 டிகிரியில் கொதிக்கின்றன. அந்தப் படிக்கட்டில் இன்னும் ஒரு படி இறங்கினால் தண்ணீர் −80 வாக்கில் கொதித்திருக்க வேண்டும். கொதிப்பது 100இல். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல்தான், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு வரை போடும். பனிக்கட்டியில் அந்த நான்கும் நான்முகியாக விறைத்து நிற்பதால் உள்ளே காலியிடம் அதிகமாகி, அடர்த்தி 0.917 ஆகக் குறைந்து, மிதக்கிறது.

ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியே இல்லாத மூலக்கூறுகளில் மிஞ்சுவது, எலக்ட்ரான் மேகங்கள் கணநேரம் ஒருபக்கமாகச் சாய்வதால் வரும் லண்டன் விசை மட்டும். மீத்தேன் அப்படிப்பட்டதுதான். மெழுகும் அப்படித்தான். ஆனால் மெழுகின் மூலக்கூறு இருபது, முப்பது கார்பன் நீளமுள்ள சங்கிலி, உடம்பு முழுக்க ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் சாதாரண வெப்பநிலையில் திடமாக இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. வழிமுறை பிடிபட்டதா என்று பார்க்க உங்களுக்கு ஒரு கணக்கு. பென்டேன் ஐந்து கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி, கொதிநிலை 36 டிகிரி. நியோபென்டேனும் அதே ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், அதே வகைப் பிணைப்புகள். ஆனால் நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு, ஏறக்குறைய பந்து. கொதிநிலை 9.5. குச்சிகள் பக்கவாட்டில் ஒட்டும் அளவுக்குப் பந்துகள் ஒட்டாது, இதுவரை சுலபம். உருகுநிலையில்தான் எல்லாம் தலைகீழ்: பென்டேன் −130, நியோபென்டேன் −16.5. ஈர்ப்பு குறைந்தது ஏன் நூறு டிகிரிக்கு மேல் தாமதமாக உருகுகிறது? குறிப்பு வேண்டுமானால் ஒன்று: திடப்பொருளில் ஈர்ப்பு எவ்வளவு என்பதோடு, படிகத்தில் தன் இடத்தில் எத்தனை விதமாகத் திருப்பி வைத்தாலும் அந்த மூலக்கூறு பொருந்திவிடும் என்பதையும் யோசியுங்கள்.